நீக்கப்பட்ட டிரம்மர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கேசட் கடையில் ஞாயிறுதோறும் கூடுவோம். ஹெவி மெட்டல் பைத்தியங்கள் ஆறு பேர். தொண்ணூறுகளின் கடைசியில், எங்களுக்குப் பிடித்த இசைக்குழுவின் வரலாற்றுப் புத்தகம் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. பாட்டைப் பற்றி ஒன்றுமில்லை, சண்டைதான் இருக்கிறது என்று ஆளாளுக்குத் திட்டினோம்.

எங்களில் ஒருவர் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவர்; தமிழர்தான், அங்கேயே பல வருஷம் இருந்து பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது. பாட்டு ஓடும்போது கண்ணை மூடி, இரண்டு காலாலும் தரையில் தாளம் போடுவார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. குடியால் டிரம்மரைக் குழுவிலிருந்து நீக்கிய பக்கத்தை என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"பின்னே அந்த ஆளு என்ன செஞ்சாரு?"

"அது புக்குல இல்ல, சேட்டா."

"இத்தனை வருஷம் கூட வாசிச்ச ஆளு. ஜீவனோட இருக்காரான்னுகூட எழுதலயா? நீ ஒரு கத்து எழுது, நான் போஸ்ட் பண்றேன்."

கத்து என்றால் கடிதம்; பதிப்பகத்துக்கு எழுதினேன். பதில் வர கடை முகவரியைக் கொடுத்து, அடியில் அவர் தமிழில் கையெழுத்திட்டார். நான் ஊரை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் கடைக்காரரிடம், "கத்து வந்தோ?" என்று கேட்பார். வரவில்லை.

முகம் தெரியாத ஒருவருக்காக அவர் ஏன் அப்படிக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றும் எந்தக் குழுவின் வரலாறு கையில் கிடைத்தாலும், நீக்கப்பட்டவர் என்ன ஆனார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.