பாதியில் நின்ற அமெரிக்கச் சிரிப்பு நாடகம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஞாபகமும் முன்னே பின்னே போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பர்மாவில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது, சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஓர் அமெரிக்கச் சிரிப்பு நாடகம் வரும். கீழே பர்மிய எழுத்து ஓடும். அந்த வேகத்துக்கு என் கண் ஓடாது. மருமகள்தான் படித்துச் சொல்வாள், பாதி தமிழ், பாதி பர்மா. லைங் தாயாவில் தையல் ஃபாக்டரியில் வாரமெல்லாம் குனிந்திருப்பவளுக்கு இது ஓய்வாம்.

கதை இதுதான். மகன், மருமகள், மாமியார் ஒரே வீட்டில். வீடென்றால் எங்கள் தெருவே உள்ளே குடியேறலாம். அதில் கிழவிக்கு இடம் போதவில்லையாம். முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாமா என்று வாராவாரம் யோசனை. அவள் ஃபிரிட்ஜைத் திறந்தால் சிரிப்பு, மூடினால் சிரிப்பு. சிரிக்கிறவர்கள் முகத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். வெட்கமாக இருந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகனும் வீட்டை ஃபாக்டரிப் பக்கம் மாற்றிக்கொண்டு, என்னை ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருக்கும் என் தங்கையிடம் விட நினைத்திருந்தான். என்னிடம் சொல்லவில்லை. பலகைச் சுவர் வழியாகக் கேட்டது. நான் வாயைத் திறந்து கேட்கிற ரகம் இல்லை. அதனால் மருமகளும் நானும் நாடகத்தை வைத்தே பேசிக்கொண்டோம்.

“பாவம் அத்தை அந்தப் பொண்ணு. கிச்சன்ல நிக்கவே எடமில்ல.”

“ஆமாம்மா, ரெண்டு குதிரை கட்டுற அளவுதான் இருக்கு.”

ஒரு சனிக்கிழமை கிழவி பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அதோடு முடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் எங்களுக்குக் கரண்ட் இல்லை. இந்த ஊரில் கரண்ட் முறை வைத்து வரும். அந்த முறையும் தனக்குத் தோன்றினால்தான் வரும். அதற்கடுத்த வாரமும் இல்லை. கரண்ட் ஆபீஸை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். மாமியார் மருமகள் ஒற்றுமைக்கு அவர்கள் செய்த சேவையை மறக்கக் கூடாது.

பிறகொரு சனிக்கிழமை, “மீ லாப்பீ!” என்று தெருவே கத்தியது. கரண்ட் வந்துவிட்டது. ஓடிப்போய் உட்கார்ந்தால், நாடகம் வருகிற நேரத்தில் யாரோ ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

மகன் போனில் தேடினான். “அத எப்பவோ அமெரிக்காவுலயே நிறுத்திட்டாங்கம்மா. பாக்க ஆளில்லையாம்.”

“கரண்ட் இல்லாத டிவி முன்னாலகூட நாங்க ரெண்டு பேரு உக்காந்திருந்தோமே!”

“அப்ப அந்தம்மா போனாங்களா, இல்லையா?” என்றாள் மருமகள்.

“எழுதினவனுக்கே தெரியாது,” என்றான் அவன்.

“போகல,” என்றேன். “நானும் டாலாவுக்குப் போகல.”

எப்படிச் சொன்னேனோ. எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு யாரையும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. மகன் அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள்தான் பேசினாள்.

“ஃபாக்டரிப் பக்கம் பாத்திருக்கிற வீடு ஒரே ரூம் அத்தை. எங்க படுப்பீங்க?”

“நீங்க படுக்கிற எடத்துக்குப் பக்கத்துல. நடுவுல என் பழைய சேலை ஒண்ணக் கட்டு.”

அவள் புருஷனைப் பார்த்தாள். “நாளைக்கு ஆணி வாங்கிட்டு வாங்க,” என்றாள்.

லைங் தாயாவில், அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு குறையும் இல்லை. மகன் விடும் குறட்டைக்கும் என் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அந்த நாடகத்தை வேறெங்காவது பார்த்தவர்கள் இருந்தால், நான் எழுதிய விவரங்களைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். எல்லாம் மருமகள் படித்துச் சொன்னது. கிழவி பேசியதில் பாதியை அவள் முழுங்கியிருப்பாள்.