வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறைக்கு அலமாரிகளை அட்டைப்பெட்டிகளில் வாங்கி வந்தோம். விலை மலிவு, பாகங்களைப் பொருத்துவது நம் பொறுப்பு. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து பொருத்தினார். நன்றாகத்தான் பொருத்தினார். கடைசிக் கதவின் கைப்பிடிக்கு மட்டும் இரண்டு ஸ்க்ரூ குறைந்தது. உடனே கடைக்குப் போன் போட்டு, பெட்டியில் வைக்காமலே ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தித் தீர்த்தார்.

பிறகு அலமாரிக் கால்களை மறைக்கும் நீளப் பலகைகளை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் சமையலறையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவள் நான். அதுவோ மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீரில் நின்றால் பூரி மாதிரி உப்பிவிடும்.

“அதை மாட்டாதீங்கோ. வெள்ளிக்கிழமை அலம்பி விடணும்.”

“இனிமே துணியால தொடைச்சாப் போறும்.”

“தொடைக்கப் போறது நீங்களா?”

பலகைகள் பரணுக்குப் போயின.

அந்த வெள்ளிக்கிழமை வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர் அலமாரிகளுக்கு அடியில் தாராளமாகப் புகுந்து, பிளாஸ்டிக் கால்களைச் சுற்றிக்கொண்டு, எதிர் மூலையில் இருக்கும் துளையை நோக்கி ஓடியது. துடைப்பத்தை அடியில் விட்டுத் தள்ளினேன். அழுக்கோடு சேர்ந்து இரண்டு ஸ்க்ரூவும் உருண்டு வந்தன.

அவற்றைக் கழுவித் துடைத்து, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய போனையும் அங்கேயே வைத்தேன். அதில் கடைக்கு ஏற்கனவே ரிங் போய்க்கொண்டிருந்தது.