ரோண்டாவின் டாக்ஸியில் மூன்று பல்கலைக்கழகங்கள்

இன்று காலை ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் எனக்கு வாய்த்த டாக்ஸிக்காரப் பெண்மணி ரோண்டா புட்லியர். பின் இருக்கையில் ஏற்கெனவே ஒரு அப்பாவும் மகளும் இருந்தார்கள். "முன்னாடி ஏறிக்கோ கண்ணு. அந்த டோனேர் கறி ரொட்டிப் பொட்டலத்தை மடியில வெச்சுக்கோ, சாஸ் சிந்திடும்" என்றார். நான் சீட் பெல்ட் மாட்டுவதற்குள் டொரன்டோ பல்கலைக்கழகத்தைத் திட்ட ஆரம்பித்திருந்தார்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அவருக்கு இதுதான் பிழைப்பு: புது மாணவர்களையும், அவர்களைவிட அதிகம் பதறும் பெற்றோரையும் ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பது. வயது ஐம்பத்து நாலு. இடது கையில் ஸ்டியரிங், வலது கையில் கல்வி வரலாறு. சாலையோரமாக நின்று யாராவது யோசித்தால்கூட, கடக்கப்போகிறார் என்று வண்டியை நிறுத்திவிடுவார்; எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். பேச்சை மட்டும் நிறுத்த மாட்டார். இந்தப் பக்கம் வந்தால் பேருந்தை விட்டுவிட்டு இவர் வண்டியில் ஏறுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன்.

பின்னால் இருந்தவர் கடலே இல்லாத சாஸ்கட்டூன் ஊர்க்காரர், பெயர் டார்சி. மகள் பிரின். அப்பாவுக்கு மனசு ஆறவே இல்லை.

"டொரன்டோல இடம் கிடைச்சுது. மெக்கில்லயும் கிடைச்சுது. உலகத் தரவரிசையில ரெண்டும் எங்கயோ மேல இருக்கு. இவ இங்க டல்ஹவுசிக்கு வந்து நிக்கிறா."

"கடல் உயிரியல் படிக்கணும்பா. கடல் இங்கதான் இருக்கு."

"டொரன்டோவைப் பெருசா சொல்லாதீங்க சார்" என்றார் ரோண்டா. "ராஜா கிட்ட அனுமதிப் பட்டயம் வாங்கிட்டு பதினாறு வருஷம் ஒரு வகுப்பு எடுக்கல. ஆனா பிறந்தநாள் கொண்டாடுறது பட்டயம் வாங்கின வருஷத்தை வெச்சு. மெக்கில் கதை வேற. தோல் வியாபாரி ஒருத்தன் சாகும்போது சொத்தை எழுதி வெச்சான், சொந்தக்காரங்க கோர்ட்டுக்கு இழுத்தாங்க. அப்படிப் பொறந்ததுங்க எல்லாம்."

"உங்க டல்ஹவுசி மட்டும் ஒழுங்கா?"

"அதுவா? கடற்கொள்ளைக் காசுல கட்டினது."

நான் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். கொள்ளை இல்லை, 1812இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் படை பிடித்து வைத்திருந்த அமெரிக்கத் துறைமுகத்தில் வசூலான சுங்கப் பணம். சொன்னேன்.

"சரி, யூனிஃபார்ம் போட்ட கொள்ளை" என்று திருத்திக்கொண்டார். "1818ன்னு பெருமையா போட்டுக்கிறாங்களே, முதல் வகுப்பு நடந்தது இருபது வருஷம் கழிச்சு. நடுவுல அந்தக் கட்டடத்துல ஒருத்தன் கேக் கடை வெச்சிருந்தான். காலரா வந்தப்ப நோயாளிங்களைப் படுக்க வெச்சாங்க. பாடம் தவிர எல்லாம் நடந்துது."

டார்சி முதல்முறையாகச் சிரித்தார். பிரின் முன்னால் குனிந்து, "நீங்க அங்கதான் படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

ரோண்டாவின் வலது கையும் ஸ்டியரிங்குக்குப் போனது.

"பதினெட்டு வயசுல இடம் கிடைச்சுது. அதே வாரம் ஒரு பையனும் கிடைச்சான். பையன்தான் வேணும்னுட்டேன். அவன் எந்தத் தரவரிசையிலயும் வரல." அடுத்த தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். "இப்ப மறுபடி விண்ணப்பிச்சேன். வரலாறு. இத்தனை வருஷமா நான் உளறுறதுல பாதியாவது நெசமான்னு தெரிய வேணாமா? குடுத்துட்டாங்க, பைத்தியக்காரங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள நேர்ல போய்ச் சேரணும். இல்லன்னா இடம் போச்சு."

"அப்ப எங்களோடயே வரலாமே?"

"நேத்து வாசல் வரைக்கும் போனேன் கண்ணு. சவாரி வந்துடுச்சு. முந்தாநாளும்."

"சவாரி வந்துதா, நீங்க தேடிப் போனீங்களா?"

"சார், உங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி."

"டொரன்டோல இந்த வாய்க்கு நல்ல மதிப்பு இருந்திருக்கும்" என்றார் டார்சி.

நான் இறங்கவேண்டிய தெரு தாண்டிப் போய்விட்டது. ரோண்டா கவனிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பல்கலைக்கழக மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினார். பெட்டிகளை இறக்கி வைத்தால் அவர் வேலை முடிந்தது. ஆனால் இருப்பதிலேயே பெரிய பெட்டியை எடுத்து, "சக்கரம் சரியில்ல, உள்ள வரைக்கும் நானே கொண்டாறேன்" என்று உருட்டிக்கொண்டு நடந்தார். சக்கரம் நன்றாகத்தான் உருண்டது.

உள்ளே இரண்டு வரிசைகள். மாணவர்களுக்கு ஒன்று; அது பதிவு மேசைக்கும் அடையாள அட்டைக் கேமராவுக்கும் போனது. பெற்றோருக்கு ஒன்று, அது காபிக்கும் மஃபினுக்கும் போனது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு மாணவர் ஓடிவந்து ரோண்டாவின் முழங்கையைப் பிடித்தார்.

"அம்மாங்க எல்லாம் இந்தப் பக்கம். காபி சூடா இருக்கு."

ரோண்டா அசையவில்லை. பெட்டியின் பிடியையும் விடவில்லை. பிரின் மாணவர் வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் நிற்க வந்த பையனை, "கொஞ்சம் இருங்க, ஆள் வராங்க" என்று தடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ரோண்டாவின் கைப்பேசி அடித்தது. டாக்ஸி அலுவலகம். ஒற்றை ஆள், விமான நிலையம் வரை, நல்ல சவாரி. எதிர்முனையில் இருந்தவரின் குரல் எனக்கே கேட்டது: "ரோண்டா, போறியா? ரோண்டா?"

காபிக் கோப்பையோடு வந்த டார்சியின் கையில் கைப்பேசியைத் திணித்தார். "நீங்க பேசுங்க சார். ரோண்டா காலேஜுக்குப் போயிட்டாள்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பிரினுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.