ஆடியில் தரித்த பிள்ளை

திருக்கடையூர் அபிராமிக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டாருக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

கல்யாணமான முதல் ஆடிக்கு என்னைச் சீர்காழியில் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆடியில் தரித்தால் சித்திரையில் பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாதாம். பதினெட்டாம் பெருக்கன்று என்னைப் பார்க்க வந்த கணவர் தங்கிவிட்டுப் போனார். பிள்ளை தரித்தது.

மாமியாருக்கு அது மானப் பிரச்சினை. ஆனியிலேயே தரித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். வளைகாப்பு முடியும்வரை ஸ்கேனும் கூடாது, கண் பட்டுவிடுமாம். தை மாதக் கடைசியில் கும்பகோணத்தில் டாக்டரம்மா கேட்டபோதும், கடைசி மாதவிலக்கு ஆனி ஐந்து என்று கூசாமல் சொன்னார். எம்.எஸ்சி. படித்த என் கணவர் தலையாட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழை உண்டா?

வயிற்றைப் பரிசோதித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"எட்டு மாசத்துக்குப் பிள்ளை ரொம்பச் சின்னதா இருக்கும்மா. ரத்த ஓட்டத்த டாப்ளர் ஸ்கேன்ல அளந்து பாக்கணும். ரொம்பக் குறைஞ்சிருந்தா உடனே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளைய எடுக்க வேண்டியிருக்கும்."

ஒரு பொய்யை நம்பி ஏழு மாதப் பிள்ளையை எடுக்கப்போகிறார்கள். ஸ்கேன் மேசையில் படுத்து அழுதேன். தாயே, என் பிள்ளையைக் காப்பாற்று. இவர்கள் மானம் எக்கேடாவது கெட்டுப் போகட்டும்.

தொப்புள்கொடியிலும் பிள்ளையின் தலையிலும் ரத்தம் ஓடும் சத்தம் சீறிச் சீறிக் கேட்டது. அளந்து முடித்த டாக்டரம்மாவுக்குக் குழப்பம்.

"ஓட்டம் அருமையா இருக்கே. தேதி சரிதானா?"

"சரிதாங்க டாக்டர். நாங்க தப்பாச் சொல்ல மாட்டோம்," என்றார் மாமியார். கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூ!

அந்தத் துணிச்சல் என்னுடையது இல்லை, அபிராமி தந்தது.

"பொய் டாக்டர். ஆனி இல்ல, ஆடி அஞ்சு," என்றேன்.

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். "அப்பப் பிள்ளை சரியாத்தான் வளந்திருக்கு." பிறகு மாமியாரைப் பார்த்தார். "ஏம்மா, எடுத்திருந்தா யாரு பதில் சொல்றது?"

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

சித்திரையில் மூன்று கிலோவில் மகன் பிறந்தான். குடும்பம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. இப்போது அவனை மடியை விட்டு இறக்காமல் கொஞ்சுகிறார் மாமியார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் பொய் சொன்னாலும் நான் சும்மா இருப்பதில்லை.

சகோதரிகளே, அபிராமியை நம்புங்கள், கைவிட மாட்டாள். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டிய உண்மையையும் அவளே வந்து சொல்லட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால், என் பிள்ளையை நானே கொன்றிருப்பேன்.