ஒரு ரூம், ரெண்டு பேர்

நான் ஆறாவது படித்த வருஷம் அம்மா மறுபடியும் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, எல்லாரையும் நிரந்தரம் செய்யப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பும். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டுவாள். அந்த வருஷம் கிளம்பியது வேறு பேச்சு. வேலையை வெளியூர் ஏஜென்சியிடம் கொடுக்கப்போகிறார்களாம், பாதிப் பேர் போதுமாம். கேசரி கிண்டவில்லை.

கூட வேலை பார்த்த ஒரு அக்காதான் செங்கம் ரோட்டில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொன்னாள். காலேஜ் பிள்ளைகளும் வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து படிக்கலாம். முதல் சில வாரம் யாருக்கு எந்த வேலை சரிப்படும் என்று வழி சொல்வார்கள், பிறகு அதற்கான பாடம். அம்மா விலங்கியல் படித்தவள். மெடிக்கல் கோடிங் கற்றுக்கொண்டால் ஆஸ்பத்திரிக் கணக்கெழுதும் கம்பெனிகளில் வேலை கிடைக்கும் என்று அந்த அக்கா சொல்லியிருந்தாள்.

அப்பா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சாந்தமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அம்மா வகுப்புக்குப் போகட்டுமா என்று நாலு நாளாக நாலு விதமாகக் கேட்டபோது, அவர் செய்தித்தாளை மடித்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பாவக் கூட்டினு போ."

எனக்குக் கொண்டாட்டம். எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு ஒரு டீக்கடைக்கு மேலே மாடியில். பதினோரு மணிக்கு எல்லாருக்கும் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வரும், எனக்கு மூன்று. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைவேன். அம்மா முதல் பெஞ்சில், அவள் வயதில் பாதியே இருந்த பெண்களோடு. வீட்டில் நான் பார்த்திராத ஒரு அம்மா அங்கே இருந்தாள். கை தூக்கிச் சந்தேகம் கேட்பாள். ஒருமுறை ஏதோ சொல்லி அந்தப் பெஞ்சையே சிரிக்க வைத்தாள். நான் வரைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, பாடம் நடத்திய டீச்சர் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். இன்னும் ஐந்து வருஷத்தில் என்ன வேலை, எந்த ஊர், எந்த வீடு. அவரே மூன்று வேலை மாறி வந்தவராம்.

"ஒரே வழியப் போட்டு அதையே புடிச்சுக்கினு இருக்காதீங்க. இது இல்லன்னா எதுன்னு பக்கத்துலயே எழுதுங்க. பென்சில்ல எழுதுங்க, அப்புறம் மாத்திக்கலாம்."

என் பென்சிலைத்தான் அம்மா வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் எழுதி முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோதும் அவள் நிமிரவில்லை. டீச்சர் வந்து நின்று படித்தார். மற்றவர்களுடையதைப் படித்ததைவிட அதிக நேரம் ஆனது. பிறகு அம்மாவின் தோளில் கை வைத்து, நன்றாக இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு யாருக்கும் அப்படிச் சொல்லவில்லை. என் பள்ளிக்கூட அறிவுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். அம்மா ஃபர்ஸ்ட்.

அது பௌர்ணமி முடிந்த ஞாயிறு. கிரிவலக் கூட்டம் லாட்ஜைக் காலி செய்யும்வரை இருந்துவிட்டு, மத்தியானம்தான் அப்பா வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. அம்மா சமையலறையில் சோறு வடிக்கப்போயிருந்தாள். வகுப்பு எப்படி என்று என்னிடம் கேட்டார். எப்போதும் என்னிடம்தான் கேட்பார். யார் யார் வந்தார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், அம்மா யாரிடம் பேசினாள். நான் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அன்று ஒப்பிப்பதோடு நிற்கவில்லை. அம்மாதான் ஃபர்ஸ்ட் என்று சொல்லி, பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். முதல் வருஷம் கோர்ஸ் முடிக்கணும். அப்புறம் சென்னையில் வேலை. இல்லாவிட்டால் வேலூர். இல்லாவிட்டால் எந்த ஊரானாலும் சரி. வீட்டிலிருந்து செய்கிற வேலை மட்டும் வேண்டாம். கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் மாற்று எதுவும் இல்லை. ஒரு ரூம், ரெண்டு பேர்.

அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு பேருன்னா யாருமா?"

"நானும் அம்மாவும். நீங்கதான் லாட்ஜ்லயே இருப்பீங்களே."

கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அப்பா எனக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். தயிர் வாங்கி வரச் சொன்னார். அவசரமில்லை, மெதுவாக வா என்றார்.

மெதுவாகவே போனேன். தெருமுனையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோக்களில் ஜனம் அடைந்து போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. டிவி சத்தம் ஜாஸ்தியாக இருந்தது. தட்டியது கேட்கவில்லை போலிருக்கிறது என்று படியில் உட்கார்ந்தேன். தயிர்ப் பாக்கெட் வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது.

அப்பாதான் கதவைத் திறந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து, இடது கையால் சிந்திய சோற்றை வழித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை சிவந்து, தோல் பளபளவென்று இருந்தது.

"கஞ்சி கொட்டிடுச்சும்மா" என்றாள்.

அப்பாவே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பொறுப்பான புருஷன் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். கட்டுப் பிரிக்க ஒன்றரை மாதம் ஆனது. இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. அதற்குள் அலுவலகத்தில் அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். ஏஜென்சிக்காரர்கள் யாரைக் கழிக்கலாம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நோட்டை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

நான் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். ஒரு ரூமில் இருக்கிறேன். வந்துவிடு என்று அம்மாவை எத்தனையோ முறை கூப்பிட்டாகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்கிறாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரே ஒரு முறை கேட்டேன். கஞ்சி கொட்டியது என்றாள். நான் காட்டிக் கொடுத்ததை அவள் இதுவரை சொல்லவே இல்லை.

ஆனால் அந்த வருஷம் முழுக்க, ஞாயிறு காலையில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது நான் விடாமல் கேட்டேன், இன்னிக்கு கிளாஸ் இல்லையாம்மா என்று. அம்மா இல்லை என்பாள். அப்பா தாளிலிருந்து கண்ணெடுக்க மாட்டார். எனக்கு அவள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. அவ்வளவு பேரில் ஃபர்ஸ்ட் வாங்கியவள், கையில் கட்டுப் பிரித்த பிறகும் சோம்பேறித்தனமாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று.