தேசிக்காய்ச் சாடி

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பீங்கான் சாமான் விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை. வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. கப்பலில் வரும் பெட்டிகளை உடைத்து, வைக்கோலை உதறி, கோப்பை பீங்கான்களைத் துடைத்து அடுக்குவேன். ஒரு நாள் மூடி போட்ட பச்சைச் சாடி ஒன்று வந்தது. உள்ளும் புறமும் கண்ணாடிபோல் மினுங்கும். மேலே மஞ்சள் பூக்கள். மூடியின் ஓரம் சற்று உடைந்திருந்ததால் முதலாளி அதை எனக்கே தந்துவிட்டார்.

"இது அழகுக்கு வைக்கிற சாமான், தம்பி. திங்கிறது ஒண்டும் போட்டுராதீங்க. புளி பட்டா இந்தப் பூச்சு கரையும், அது நஞ்சு," என்றார்.

அந்த மாதம்தான் அக்காவும் அத்தானும் வெள்ளவத்தையில் புதுவீடு குடிபோயிருந்தார்கள். சாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஊறுகாய் போடலாமோ?"

முதலாளி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் உதவாத சாமானைக் கொண்டுவந்தேன் என்று அத்தான் நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது. முதலாளிமார் எதையும் பெரிதாக்கித்தானே சொல்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"ஓம், போடலாம்," என்றேன்.

அக்கா உப்பும் வினாகிரியும் விட்டுத் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, ஊறப்போட்டாள். வயிற்றுப்புண் காரணமாக அவள் புளிப்பைத் தொடமாட்டாள். அத்தானுக்கோ அது இல்லாமல் சோறு இறங்காது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவதிலும் அது இருக்கும். சாடி முடிய முடிய அக்கா புதிதாகப் போட்டாள்.

ஏழெட்டு மாதத்தில் அத்தான் வெளிறிப்போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். பிறகு வலது கை மணிக்கட்டில் தொங்கத் தொடங்கியது. கரும்பலகையில் எழுதும்போது சோக்கட்டி கையை விட்டு விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார்.

டாக்டர் அவர் உதட்டை விலக்கிப் பல்முரசைப் பார்த்தார். பல்லோரத்தில் நீலக்கோடு ஓடியிருந்தது.

"அச்சுக்கூடத்தில வேலையோ? பெயின்ட் வேலை ஏதும் செய்தனீங்களோ?"

"இல்லை, நான் வாத்தியார்," என்றார் அத்தான்.

"உடம்பில ஈயம் சேர்ந்திருக்கு. எங்கேயிருந்தோ வந்திருக்க வேணும். வீட்டில என்ன பாத்திரம் பாவிக்கிறனீங்கள்?"

"மண்சட்டிதான் டாக்டர்," என்றாள் அக்கா.

கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அக்கா வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தாள். வாய்க்கு ருசியில்லை என்று அவர் சொன்னாராம்; கூடவே அந்தத் தேசிக்காயில் ஒரு துண்டு. இடக்கையால் எடுத்து அவர் சப்பிச் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும், நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

ஐந்தாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. அக்காவிடம் சாவி வாங்கிப்போய், ஊறுகாயைக் கொட்டிக் கழுவி, சாடியை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே விரலால் தடவினார். மினுக்கம் போய் அடிப்பாகம் சொரசொரவென்றிருந்தது.

"இதுதான்," என்றார். "இனி இதைத் தொடவும் விடாதையுங்கோ."

அன்று பின்னேரம் அத்தானின் கட்டிலருகே இருந்து, "சாடியால வந்ததாம் அத்தான். நான் தந்த சாடி," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ தெரிஞ்சோ தந்தனீ?"

"இல்லை," என்றேன்.

"பிறகென்ன. விடு."

வயிற்றுவலி மாறியது. உடம்பும் தேறியது. கை மட்டும் முழுதாக வரவில்லை. இடக்கையால் எழுதப் பழகி, ஓய்வு பெறும்வரை படிப்பித்தார். கோணல் மாணலான அந்த எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அவர் இப்போது இல்லை. அக்கா இருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவாள். "டாக்டருக்கே பிடிபடேல்லை. என்ர தம்பிதான் யோசிச்சுக் கண்டுபிடிச்சவன். இவன் இல்லாட்டி அவரை அப்பவே இழந்திருப்பன்," என்பாள், சொல்லிக்கொண்டே என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றுவாள். நான் குனிந்து குடிப்பேன்.