அரிச்சல்முனையில் என் மகளைத் தேடினேன்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே! என் ஐந்து வயது மகள் சுமையாவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றே நான் நம்பிய ஒரு மாலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

நாங்கள் காரைக்கால். கணவருக்குத் துபாயில் வேலை. சென்ற அரையாண்டு விடுமுறையில் அவரும் ஊருக்கு வந்திருந்தார். தெருக்காரர்கள் சேர்ந்து பஸ் பிடித்து, தனுஷ்கோடி போய்விட்டு அன்றைக்கே திரும்புவது என்று முடிவானது. இரண்டு கடல் சேரும் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எல்லோரையும் நச்சரித்தவளே நான்தான். விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு முன்பே கிளம்பினோம். பஸ்ஸில் முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள். வழியெல்லாம் நின்று, தொழுது, சாப்பிட்டு, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சரியான கூட்டம். பல ஊர் பஸ்கள் நின்றன.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தாய்மாருக்கு இரண்டு கையிலும் பை இருக்கும். அதனால் "ம்மாவோட புர்காவப் பிடிச்சுக்க, விட்டுடாத" என்று பிள்ளைகளைச் சின்னதிலேயே பழக்கிவிடுவோம். துணி இழுபட்டால் பிள்ளை பின்னால் வருகிறது என்று அர்த்தம். அங்கேயும் அப்படித்தான் நடந்தேன். தோளில் கைக்குழந்தை, கையில் பை. ஆனால் தனுஷ்கோடிக் காற்று காரைக்கால் காற்று இல்லையே! புர்காவை அது இழுத்துக்கொண்டே இருந்தது. நான் சுமையாதான் இழுக்கிறாள் என்று பேசிக்கொண்டே போனேன்.

திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

"மச்சான், சுமையா உங்ககிட்ட இருக்காளா?"

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தபடியே, "உன் பின்னாடிதானே வந்தா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கமும் கடல். அவர் ஒரு பக்கம் ஓடினார், எங்களோடு வந்திருந்த கொழுந்தனார் மறுபக்கம் ஓடினார். இருட்டுவதற்குள் கிளம்பச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என்னிடம் வந்து, "எந்தப் பக்கம்மா போச்சு புள்ள?" என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று கை காட்டுவேன்? லாத்தா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "புள்ளைய விட்டுட்டு அப்படி என்ன வேடிக்கை?" என்றார். உடம்பில் தெம்பு இருந்திருந்தால் நன்றாகத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரபியில் எத்தனை துஆக்கள் மனப்பாடம் எனக்கு! ஒன்றுகூட நாவுக்கு வரவில்லை. தமிழில்தான் வந்தது. "யா அல்லாஹ், கடலும் உன்னுது, அந்தப் புள்ளையும் உன்னுது. அவ கைக்கு ஒரு பிடி குடு. ஏதாவது ஒரு பிடி குடு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"இது யாரு புள்ள?" என்று ஒரு குரல் கேட்டது.

என்னைப் போலவே கறுப்புப் புர்கா போட்ட ஒரு பெண். அவர் இடுப்பில் என் சுமையா, அழுது முகமெல்லாம் வீங்கி!

அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "பஸ்ஸுல ஏறப் படியில கால வச்சேன்மா, துணி வரல. திரும்பிப் பாத்தா இவ புடிச்சுக்கிட்டு நிக்கிறா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, 'ம்மா, மண்ணு விழுது'ங்குறா. டிரைவர் வண்டியக் கிளப்பிட்டான். நிப்பாட்டச் சொல்லிட்டு ஓடியாந்தேன்."

மணல் கண்ணில் விழுந்ததும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். கைக்கு அகப்பட்ட கறுப்புத் துணியை நான்தான் என்று பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். காற்றில் அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

எனக்கு ஆறுதலைவிட அதிர்ச்சிதான் அதிகம். ஒரு பிடி கொடு என்று நான் அலறிய நேரத்தில் பிடி அவள் கையில் இருந்தது! நான் கேட்பதற்கு முன்பே அவன் கொடுத்துவிட்டான். கடலையே பார்த்து அழுதுகொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் சுமையா என் மடியில்தான். என் கணவர் ஆண்கள் பக்கம் போகவே இல்லை. என் காலடியில் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்தபடியே வந்தார்.

அதற்கு முன் என் தொழுகை அடுப்பில் பால் வைத்துவிட்டுத் தொழுகிற தொழுகை. இப்போது நெற்றியைத் தரையில் வைத்தால் அந்த ஸஜ்தாவிலிருந்து எழ மனம் வருவதில்லை. சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு தவிப்பு இருக்கும். அரபியில் வராவிட்டால் தமிழில் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமலேயே உதவி வந்திருக்கலாம், நம்பிக் கேளுங்கள்.

அந்தப் பெண் உடனே ஓடிப்போய்த் தன் பஸ்ஸில் ஏறிவிட்டார். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக துஆ செய்கிறேன். பெயர் சொல்லத் தெரியாமல், "அந்தப் பொண்ணு" என்றுதான் கேட்கிறேன். யாரென்று அவனுக்குத் தெரியும்.